பதினான்கு நாய்களும் ஓர் ஒழுங்கையும்: உப்புவெளிப் பிணக்கொன்றின் ஆய்வு

சிறு பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கத்தால் தீர்க்க முயலும் எங்கள் மத்தியஸ்த சபைக்கு 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வந்த கோப்பொன்றில், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதிக்குக் கீழே, ஏழு வீட்டார் கையொப்பமிட்ட மனுவொன்றும் கோக்கப்பட்டிருந்தது. மனு எங்களுக்கு எழுதப்பட்டதன்று. திருகோணமலை நகரை அடுத்த உப்புவெளிப் பக்கத்து ஒழுங்கையொன்றில் வசிப்போர் தங்கள் உள்ளூராட்சி சபைக்கு அனுப்பியதன் பிரதி அது. வீடொன்றில் "நாய்கள் போன்ற மிருகங்கள்" இரண்டுக்கு மேல் வளர்ப்பதைத் தடைசெய்யும் உப விதியொன்றை உடனடியாக நிறைவேற்றித் தருமாறு அவர்கள் கேட்டிருந்தார்கள். அந்தப் "போன்ற" என்ற சொல் பின்னர் எவ்வளவு வேலை செய்யப்போகிறது என்பதை எழுதியவர்களும் அறிந்திருக்கவில்லை. முதல் வாசிப்பில் நாங்களும் கவனிக்கவில்லை.

அப்பிணக்கில் அமர்ந்த மூன்று மத்தியஸ்தர்களுள் ஒருவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியும் மாற்றியும் இருக்கிறேன். ஒரு வீட்டில் எத்தனை மிருகங்கள் இருக்கலாம் என்பதைச் சட்டம் எண்ணால் வரையறுக்க வேண்டுமா என்ற கேள்வி நம் ஊர்களில் இனி அடிக்கடி எழப்போகிறது. அந்த எண் எதைச் செய்யவல்லது, எதைச் செய்யாது என்பதை இந்த ஒழுங்கை ஓரளவு காட்டியது என்பதாலேயே இதைப் பதிவு செய்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

பிணக்கின் பின்னணி

பதினெட்டுப் பேர்ச் வளவொன்றில் தனியே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரே எதிர்த்தரப்பு. ஒழுங்கை முழுவதும் அவரை "டீச்சர்" என்றே அழைக்கும். மனுவில் ஒப்பமிட்டவர்களில் இருவர் அவரிடம் படித்தவர்கள். 2022ஆம் ஆண்டுக்கு முன்னர் அவரிடம் மூன்று நாய்கள் இருந்தன. அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசைகளும் அரிசி விலையும் எல்லா வீடுகளையும் உலுக்கியபோது, நாய்க்குப் போட இறைச்சிக் கழிவுகூட வாங்க முடியாதவர்களும், வெளிநாடு புறப்பட்டவர்களும், இரவில் அவருடைய படலையடியில் குட்டிகளைப் பெட்டியோடு வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அவர் எதையும் திருப்பி அனுப்பவில்லை. மனு எழுதப்பட்ட நாளில் அவருடைய வளவில் பதினான்கு நாய்களும் நான்கு பூனைகளும் இருந்தன. படலைக்கு வெளியே, வளவுக்குள் ஒருபோதும் வராத ஒரு செம்மண் நிற நாயும் இருந்தது. அதனிடம் பிறகு வருவோம்.

மேற்குப் பக்கத்து வீட்டார் தங்கள் வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர்கள். கிழக்குக் கரையின் பருவகாலம் ஏறக்குறைய ஏப்ரல் தொடக்கம் செப்ரெம்பர் வரையே. வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், பயணிகள் வரமாட்டார்கள். ஆகவே ஜூன் மாதத்தில் ஒரு பயணி நடுஇரவுக்குப் பின் நாய்க்குரைப்பால் தூங்க முடியவில்லை என்று எழுதிவைத்துவிட்டு அறையைக் காலிசெய்தால், அந்த இழப்பை நவம்பரில் ஈடுசெய்ய வழியில்லை. கிழக்குப் பக்கத்தில் கைக்குழந்தையுள்ள ஓர் இளம் குடும்பம். அவர்களுடைய கிணறு டீச்சரின் மதிலிலிருந்து சுமார் இருபது அடி தள்ளி இருந்தது. உப்புவெளி மண் கடற்கரை மணல். ஊற்றிய நீரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உறிஞ்சிவிடும், ஆனால் உறிஞ்சியது எங்கே போய்ச் சேருகிறது என்பதை அது சொல்லாது.

ஒரு விடியற்காலையில் மேற்கு வீட்டு இளைஞர் மொட்டைமாடியிலிருந்து எறிந்த கல் ஒரு நாயின் முன்னங்காலை உடைத்தது. டீச்சர் பொலிஸில் முறைப்பாடு செய்தார். மறுநாளே ஏழு வீட்டாரின் மனு உருவாயிற்று. பொலிஸார், இத்தகைய சிறு விடயங்களில் வழமையாகச் செய்வதுபோல, இரு தரப்பையும் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் வழியே எங்களிடம் அனுப்பினர்.

சட்டத்தில் என்ன இருந்தது

முதலில் நாங்கள் மூவரும் எங்களுக்குள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது, டீச்சர் எந்தச் சட்டத்தையாவது மீறியிருந்தாரா என்பதையே. வளர்ப்பு மிருகங்களைத் தொடும் சட்டங்கள் நம்மிடம் குறைவில்லை; பெரும்பாலானவை நம்முடைய பாட்டன் காலத்துக்கும் முந்தியவை. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் அசுத்தம், துர்நாற்றம், தேங்கிய நீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் நாய்ப்பதிவுக் கட்டளைச் சட்டமும் நோயையும் பதிவையும் கருதியவை. 1907ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் அந்தக் கல்லெறிக்குப் பொருந்தக்கூடியது. ஆனால் அது விதிக்கும் உச்சத் தண்டப்பணம் நூறு ரூபாய், அதாவது இன்று ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கவே போதாத தொகை. அதற்குப் பதிலாக வர வேண்டிய விலங்குநலச் சட்டமூலம் 2006ஆம் ஆண்டில் சட்ட ஆணைக்குழுவால் வரையப்பட்டது முதல் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது.

இவை அனைத்தும் ஒரு மிருகம் என்ன விளைவிக்கிறது, அதற்கு என்ன செய்யப்படுகிறது என்பதையே கேட்கின்றன. டீச்சரின் வீட்டுக்கு அழுத்தமாகப் பொருந்தக்கூடிய எண்ணிக்கைத் தடை எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் மனுதாரர்கள் அதை ஆக்கித் தருமாறு கேட்டார்கள்.

நீதவான் ஒருவர் பொதுத்தொல்லையை அகற்றுமாறு நிபந்தனைக் கட்டளையிட 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடமளிக்கிறது. ஆனால் அங்கே கேட்கப்படுவது சமூகத்தின் சுகாதாரமும் உடல்நிம்மதியும். ஒரே ஓர் அயலவரின் தூக்கம் கெடுவது மட்டும் அந்த வாசலைத் திறக்கப் போதுமா என்பதில் எங்கள் மூவருக்கும் ஒரே கருத்து இருக்கவில்லை. குடியியல் வழியில் நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம் இன்னும் உதவிக்கு வரும். ஒருவருடைய வீட்டு மிருகம் தன் இயல்புக்கு மாறாக நடந்து மற்றொருவருக்குச் சேதம் விளைவித்தால், உரிமையாளரின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் அவர் பொறுப்பாகலாம் என்பது அச்சட்டத்தின் பழைய கொள்கை. ஆனால் நாய் குரைப்பது அதன் இயல்புக்கு மாறானது என்று எந்தச் சட்டத்தரணி வாதிடுவார்?

உப விதிக்கு வருவோம். உள்ளூராட்சி சபையொன்று தன் எல்லைக்குள் இத்தகைய விடயங்களை ஒழுங்குபடுத்தும் உப விதிகளை ஆக்க முடியும். பிரதேச சபைகளுக்கு அந்த அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்து வருகிறது. ஆனால் சபை தீர்மானம் நிறைவேற்றியவுடன் அது சட்டமாகிவிடாது; மாகாண மட்டத்தில் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியாக வேண்டும். அத்துடன் அந்த ஜூலையில் ஒரு விசித்திரமான நிலையும் இருந்தது. நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச் மாதத்தில் முடிந்திருந்தது. தேர்தல் தள்ளிப்போய், 2025 மே மாதத்தில்தான் நடந்தது. கிழக்கு மாகாண சபையும் 2017 செப்ரெம்பரிலிருந்தே உறுப்பினர்கள் இல்லாமல் ஆளுநரின் கீழ் இயங்கியது. அந்த ஒழுங்கையின் மனுவை எடுத்து வைத்து, எழுந்து நின்று பேசி, "எங்கள் வீட்டிலும் மூன்று நாய் இருக்கிறதே" என்று ஒருவர் குறுக்கிட, விவாதித்து முடிவெடுக்கத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் எந்த மட்டத்திலும் இருக்கவில்லை.

முதல் அமர்வும் எங்கள் தவறும்

எங்கள் சபை ஒரு பாடசாலை வகுப்பறையில் சனிக்கிழமைகளில் கூடும். முதல் அமர்வில் நாங்கள் செய்தது பெரிய தவறென்று இப்போது தெரிகிறது: எண்ணில் தொடங்கினோம். மனுவே எண்ணைக் கேட்டிருந்ததால் அதுவே சுருக்கமான வழி என்று நினைத்தோம். மனுதாரர் தரப்பு இரண்டு என்றது. டீச்சர் பதினான்கு என்றார். எங்களில் ஒருவர் ஐந்து என்று முன்வைத்தார். மனுதாரர் தரப்பு நான்குக்கு இறங்கிவந்தது. மீன் சந்தையில் பாரைக்கு விலை பேசுவதுபோல அரை மணி நேரம் போயிற்று. பிறகு டீச்சர் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, நாலு எண்டே வையுங்கோ. மிச்சம் பத்தையும் நான் எங்க கொண்டுபோய் விட?"

வகுப்பறையில் எவரிடமும் பதில் இல்லை. இந்தக் கேள்விக்கு அவருடைய பிடிவாதம் காரணம் என்று மேற்கு வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஆனால் அவருக்கும் தெரியும்: வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் நாய் காற்றில் கரைந்துவிடாது, அதே ஒழுங்கையின் முனையிலேயே படுத்திருக்கும். கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறையை அரசு 2006ஆம் ஆண்டளவில் கைவிட்டு, கருத்தடையையும் தடுப்பூசியையும் கொள்கையாக ஏற்ற பின்னர், வீட்டெல்லைக்குள் எண்ணைக் குறைப்பது என்பது பெரும்பாலும் வீதியில் எண்ணைக் கூட்டுவதாகவே முடிகிறது. வீட்டுக்குள் இருக்கும் பத்து நாய்களுக்குத் தடுப்பூசி போட ஓர் ஆள் பொறுப்பு. வீதியில் இருக்கும் பத்துக்கு எவருமில்லை.

இந்த இடத்தில் "போன்ற" என்ற சொல் தன் வேலையைக் காட்டியது. மனுவில் மூன்றாவதாக ஒப்பமிட்டிருந்தவர் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர். அவரிடம் பதினொரு ஆடுகளும் இரண்டு மாடுகளும் இருந்தன. மாடுகள் பகலில் நிலாவெளி வீதியில் வாகனங்களுக்கிடையே படுத்திருக்கும். கட்டாக்காலி மாடுகளாகப் பிடிக்கப்பட்டு அவர் தண்டப்பணம் கட்டி மீட்ட அனுபவமும் உண்டு. மனுவின்படி "நாய்கள் போன்ற மிருகங்கள்" வீட்டுக்கு இரண்டுதான் என்றால் தன் பட்டியில் எது மிஞ்சும் என்பதை அவர் அமர்வில் வைத்தே விரலில் எண்ணிப் பார்த்தார். அடுத்த அமர்வுக்கு அவர் வரவில்லை. தன் ஒப்பத்தை மீளப் பெறுவதாக மகன் மூலம் சொல்லி அனுப்பினார். பின்னர் கேட்டறிந்ததில், ஒப்பமிட்ட ஏழு வீடுகளில் நான்கில் ஏதோ ஒரு மிருகமோ கோழிக்கூடோ இருந்தது. திருகோணமலை நகரில் பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள் கடற்கரை வீதிவரை வந்து குப்பைக் கூடையை முகர்வதை யாரும் ஒரு புதினமாகப் பார்ப்பதில்லை. மிருகத்தோடு இடத்தைப் பங்கிடுவது இவ்வூருக்குப் பழக்கமே. ஆகவே கோபம் மிருகங்களின் எண்ணிக்கையில் பிறந்திருக்க முடியாது என்று எங்களுக்குத் தோன்றத் தொடங்கியது அப்போதுதான்.

களத்தில் கண்டவை

இரண்டாவது அமர்வுக்கு முன்னர் எங்களில் இருவரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒரு மாலையில் அவ்வளவுக்குப் போனோம். மறுநாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு நான் தனியாக மீண்டும் போய் ஒழுங்கை முனையில் நின்றேன்; அதுவே இந்த முழு விவகாரத்திலும் நான் செய்த பயனுள்ள ஒரே காரியம் என்று சொல்லலாம்.

நான்கு மணிக்குச் சற்று முன்னர் மீன் ஏலத்துக்குச் செல்லும் வியாபாரிகளின் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கைக்குள் நுழைந்து குறுக்கே கடற்கரைக்குப் போகும். டீச்சரின் படலை இரும்புக் கம்பிகளாலானது. இடைவெளி வழியே நாய்கள் வெளிச்சத்தையும் பெட்டியிலிருந்து வரும் மீன் வாடையையும் ஒருசேரக் கண்டு படலைக்கு ஓடிவந்து குரைத்தன. பதினான்கும் குரைக்கவில்லை. நான் எண்ணியவரை முதலில் குரைத்தவை மூன்று. ஒரு நிமிடத்துக்குள் ஏனையவை சேர்ந்துகொண்டன. அந்த மூன்றும் மட்டும் அவ்வீட்டில் இருந்திருந்தாலும், மனு கேட்ட எல்லைக்கு ஒன்றே கூடுதலான எண்ணிக்கை, மேல்மாடிப் பயணி விழித்திருப்பார்.

கிழக்குப் பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே எண்ணிக்கைக்கு உண்மையிலேயே பங்கிருந்தது. நாய்கள் இரவில் படுக்கும் சீமெந்துத் தளத்தை டீச்சர் தினமும் காலை கழுவுவார். மிக நேர்த்தியாகக் கழுவுவார், வளவில் துர்நாற்றமே இல்லை. ஆனால் கழுவிய நீர் மதிலடியில் மணலுக்குள் இறங்கியது. மூன்று நாய்களின் காலத்தில் அந்த மணல் அதைத் தாங்கியிருக்கலாம்; பதினான்கைத் தாங்கவில்லை. பரிசோதகர் எடுத்த கிணற்று நீர் மாதிரியின் முடிவு குடிப்பதற்கு ஏற்றதல்ல என்று வந்தது. கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது வேண்டும் என்பது சுகாதாரப் பரிசோதகர்கள் வழமையாகச் சொல்லும் கணக்கு. சிறுத்துக்கொண்டே போகும் வளவுகளில் அந்தக் கணக்கை மனிதர்களின் மலசலகூடங்களே மீறுகின்றன. பரிசோதகர் அதையும் நேர்மையாகச் சொன்னார்: இளம் குடும்பத்தின் சொந்தக் கழிவுக் குழியும் அக்கிணற்றிலிருந்து முப்பது அடிக்குள்தான் இருந்தது. அசுத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அந்த மாதிரி சொல்லாது. இதைக் கேட்ட பிறகு குழந்தையின் தந்தையின் குரல் தாழ்ந்தது. ஆனால் அவருடைய கவலை நியாயமானதாகவே இருந்தது, இப்போதும் அப்படியே கருதுகிறேன்.

மூன்றாவது விடயம் கருத்தடை. பதினான்கில் ஐந்து, கருத்தடை செய்யப்படாத பெட்டைகள். நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். ஓர் ஈற்றில் நான்கு, ஆறு என்று குட்டிகள் வரலாம். எண்ணிக்கை எல்லையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த ஒன்பது வாரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு நாய்கள் என்ற எல்லைக்குள் சட்டத்தை முழுமையாகப் பேணி வாழும் ஒருவர், தன் பெட்டை குட்டி ஈன்ற இரவில் குற்றவாளியாகிவிடுவார். ஆகவே எல்லை வகுத்த நகரங்களிற் பல, குறித்த வயதுக்குக் கீழ்ப்பட்ட குட்டிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லை வகுத்த ஊர்கள்

மனுதாரர்களில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்து திரும்பியவர். "அங்கே சட்டம் இருக்கிறது, இங்கே ஏன் இல்லை" என்பது அவருடைய கேள்வி. அது பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வியே. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடொன்றில், அங்கீகரிக்கப்பட்ட சிறிய இனத்தைச் சேர்ந்த ஒரு நாய்க்கு மட்டுமே அனுமதி. பூனைகளுக்கு அங்கே நெடுங்காலம் தடை இருந்தது. நாங்கள் இந்தப் பிணக்கை முடித்து ஓராண்டு கழிந்து, 2024 செப்ரெம்பரில்தான் வீட்டுக்கு இரண்டு பூனைகளுக்கு உரிமத்துடன் இடமளிக்கப்பட்டது. எங்கள் தமிழர் நிறைய வாழும் கனடாவின் டொரண்டோவில் வீட்டுக்கு மூன்று நாய்கள், ஆறு பூனைகள் என்பது எல்லை. சுவர் சுவரோடு ஒட்டி, மாடி மாடியின் மேல் அடுக்கி வாழும் நகரத்தில் ஓர் எண்ணுக்குள்ள நியாயம் எனக்கு விளங்குகிறது. அங்கே வளவு என்பதே இல்லை. மதிலைத் தாண்டாத மிருகம் என்ற ஒன்றும் இருக்க முடியாது. உரிமம் வழங்கவும் பார்வையிடவும், வெளியேற்றப்படும் மிருகத்தைப் பொறுப்பேற்கவும் அமைப்புகள் அங்கே எண்ணுக்குப் பின்னால் நிற்கின்றன. எண்ணை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு அவற்றை விட்டுவந்தால், டீச்சரின் கேள்வி மீண்டும் வந்து நிற்கும்.

அமெரிக்க நீதிமன்றங்களில் இத்தகைய எல்லைகள் பலமுறை சோதிக்கப்பட்டிருக்கின்றன. மினசோட்டா மாநிலத்தின் சோக் ராப்பிட்ஸ் நகரம் வகுத்த இரண்டு நாய் எல்லையைக் கீழ் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தபோதும், 1997ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. சுகாதாரத்துக்கும் அமைதிக்கும் நாய்களின் எண்ணிக்கைக்கும் இடையே நியாயமான தொடர்பு இருக்கலாம் என்று நகரம் கருதுவதே போதும், ஒவ்வொரு வீட்டிலும் அதை நிரூபிக்கத் தேவையில்லை என்ற போக்கிலேயே அத்தகைய தீர்ப்புகள் அமைகின்றன. சட்டமாக அதில் பிழை காண்பது கடினம். ஆனால் "தொடர்பு இருக்கலாம்" என்பது ஓர் ஊருக்குப் போதுமான விடையா? எங்கள் ஒழுங்கையில் குரைப்புக்கும் எண்ணுக்கும் தொடர்பு மெல்லியது, கிணற்றுக்கும் எண்ணுக்கும் ஓரளவு உண்டு, விசர்நோய்க்கும் எண்ணுக்கும் ஏறக்குறைய இல்லை. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தோர் 377 பேர். பிற்காலத்தில் அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாக வீழ்ந்ததற்கு நாய்களுக்கான தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஏற்றப்படும் ஊசியும் முதன்மைக் காரணங்கள். வீட்டுக்கு இத்தனை நாய் என்ற எல்லை அதில் பங்கெடுத்ததாக நான் அறிந்ததில்லை.

எட்டப்பட்ட இணக்கம்

இரண்டாவது அமர்வில் எண்ணைப் பேச்சிலிருந்தே எடுத்துவிட்டோம். ஒவ்வொருவரும் தனக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும், என்ன தண்டனை வேண்டும் என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றோம். கல்லெறிந்த இளைஞர்தான் முதலில் பேசினார்.

"டீச்சர், உங்கட நாய்களில எனக்குக் கோவமில்லை. நாலு மணிக்குப் பிறகு நான் நித்திரை கொண்டு மூண்டு மாசம். அண்டைக்கு என்ன செய்தன் எண்டு எனக்கே தெரியாது."

கால் முறிந்த நாயின் வைத்தியச் செலவைத் தான் கொடுப்பதாக அவர் சொன்னார். டீச்சர் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார். மீதிக்கு அவர் கேட்டது ஆள் உதவி. படலையைக் கீழிருந்து மேல்வரை கிடுகால் அடைப்பதும், இரவில் நாய்களைப் பின்வளவில் தனி அடைப்புக்குள் விடுவதும் முடிவாயிற்று. அடைப்பை அந்த இளைஞரே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார். கழுவும் தளம் மேற்கு மதில் பக்கம் மாற்றப்பட்டு, அங்கே கல் நிரப்பிய ஊறு குழியொன்று வெட்டப்பட்டது. கிழக்கு வீட்டார் தங்கள் கிணற்றை இறைத்துக் குளோரின் இடவும், குழந்தைக்குக் கொதித்தாறிய நீரே கொடுக்கவும் உடன்பட்டார்கள். ஐந்து பெட்டைகளுக்கும் கருத்தடை, எல்லாவற்றுக்கும் ஆண்டுத் தடுப்பூசி, ஒவ்வொன்றுக்கும் அட்டை.

இறுதியாக, புதிதாக எந்த நாயையும் டீச்சர் ஏற்பதில்லை என்றும் எழுதப்பட்டது. இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்குள் ஒரு சிறு வெட்கம் இருந்தது. எண்ணை வாசல் வழியே வெளியே அனுப்பிவிட்டு ஜன்னல் வழியே உள்ளே எடுத்துக்கொண்டோம் என்பதை எங்கள் மூவரில் மூத்தவர் சிரித்தபடி சுட்டிக்காட்டினார். வித்தியாசம் என்னவெனில், இந்த எண்ணை டீச்சரே சொன்னார். "பதினாலுக்கு மேல எனக்கும் ஏலாது" என்பது அவருடைய வார்த்தை.

எண்ணிக்கை எல்லைக்காகச் சொல்லக்கூடிய மிக வலிய வாதம் இதுவே என்று பின்னர் உணர்ந்தேன். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண் சத்திரசிகிச்சைக்காக அவர் கொழும்பு சென்று பதினாறு நாட்கள் தங்க நேர்ந்தது. முதல் மூன்று நாட்களுக்கு ஏற்பாடு செய்திருந்த பெண் வரவில்லை. நாய்கள் பட்டினி கிடந்து ஊளையிட்டன; அடைப்பு உடைந்தது; இரண்டு நாய்கள் வெளியேறி ஆட்டுக்காரரின் பட்டிக்குள் புகுந்தன. கிழக்கு வீட்டுக் குழந்தையின் அம்மம்மாதான் கடைசியில் பானையில் சோறும் மீன்தலையும் அவித்து நிலைமையைக் காப்பாற்றினார். ஒருவர் எத்தனை உயிர்களைப் பராமரிக்க முடியும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை அவருடைய நல்ல நாட்களைக் கொண்டு அளக்கப்படக் கூடாது, அவர் படுக்கையில் விழுந்த நாளைக் கொண்டே அளக்கப்பட வேண்டும். அன்பு மிகுந்தவர்களே இதைக் கடைசியாக ஒப்புக்கொள்பவர்கள்.

ஆகவே உப விதி வேண்டுமா என்று இன்று என்னைக் கேட்டால், வேண்டும் என்றே சொல்வேன். மனு கேட்ட வடிவில் அன்று. வளர்ந்த நாய்கள் நான்கோ ஐந்தோ என்ற ஓர் எண்ணைத் தாண்டும் வீடு சபையில் பதிவு செய்ய வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை சுகாதாரப் பரிசோதகரும் கால்நடை வைத்தியரும் வந்து கழிவுநீர், அடைப்பு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், வளர்ப்பவர் இயலாத காலத்தில் பொறுப்பேற்கும் ஒருவரின் ஒப்பமும் படிவத்தில் இருக்க வேண்டும். எண் அங்கே கதவைத் தட்டும் கையாக இருக்கும். ஆடு மாடுகளுக்கு இதே விதியை நீட்டக் கூடாது. அவை சிலருக்கு வருமானம், அவற்றின் சிக்கல் வீதியிலும் பயிரிலும் இருப்பது, அதற்கு வேறு சட்டங்கள் உண்டு. திருகோணமலை நகரமும் அதைச் சூழ்ந்த பகுதியும் வெவ்வேறு சபைகளின் கீழ் இருப்பதால், ஒரு வீதியின் இரு பக்கத்திலும் வெவ்வேறு எண்கள் வரக்கூடாது என்பதும் கவனிக்கப்பட வேண்டியது.

எல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். கிடுகு ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் உக்கிப்போகிறது, அதை மாற்றும்வரை குரைப்பு திரும்புகிறது. மேற்கு வீட்டார் 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் இழந்ததை யாரும் ஈடுசெய்யவில்லை. ஆட்டுக்காரரின் மாடுகள் இப்போதும் நிலாவெளி வீதியில்தான் படுத்திருக்கின்றன. டீச்சரின் நாய்கள் பத்தாகக் குறைந்திருக்கின்றன. மூன்றைத் தம்பலகாமத்தில் வயற்காவலுக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள், ஒன்று முதுமையில் இறந்தது.

படலைக்கு வெளியே இருந்த அந்தச் செம்மண் நிற நாயைப் பற்றி அமர்வுகளில் இருமுறை தர்க்கம் நடந்தது. டீச்சர் அது தன்னுடையதல்ல என்றார். காலையில் அவர்தான் அதற்குச் சோறு வைக்கிறார் என்றார்கள். மேல்மாடியில் தங்கிய வெள்ளைக்காரப் பயணிகள் மத்தியானம் அதற்கு பிஸ்கட் போடுவார்கள். இரவில் அது ஆட்டுக்காரரின் பட்டியடியில் படுக்கும். வீட்டுக்கு இரண்டு என்ற விதி வந்திருந்தால் அதை எந்த வீட்டின் கணக்கில் எழுதுவது என்பதற்கு எங்களிடம் விடை இருக்கவில்லை, இணக்கப் பத்திரத்திலும் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சென்ற முறை தடுப்பூசி போட வந்த உத்தியோகத்தரிடம் ஐந்தாறு பேர் சேர்ந்து அதைப் பிடித்துக் கொடுத்தார்கள். அட்டையை டீச்சர் வைத்திருக்கிறார். அதில் உரிமையாளர் என்ற கோட்டுக்கு மேல் ஒழுங்கையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.